நாலு சென்டிமீட்டர் காய்ச்சல்

மேல் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கிலச் சொல்வளத்தை உயர்த்துவது என்று மேலிடம் தீர்மானித்தது. யாருக்கும் ஆட்சேபம் இல்லை. உயர்சொல் என்றால் எது என்பதில்தான் சிக்கல். மூன்று மாதம் கூடிக் கூடித் தேநீர் குடித்துவிட்டுச் சுற்றறிக்கை விட்டார்கள்: "நாலு சென்டிமீட்டருக்குக் குறைந்த எந்தச் சொல்லும் மேல் வகுப்புக்கு உகந்ததன்று."

இந்த நேரம் பார்த்துத்தான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தது. கடிதம் பதிவேட்டில் ஏறாவிட்டால் வருகை நாட்கள் குறையும். குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. கான்வென்ட்டில் முட்டியில் அடிவாங்கிக் கற்ற ஆங்கிலத்தையா திருப்பி அனுப்புவார்கள்? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பள்ளியில் இதற்கென்றே புதிதாகப் போட்டிருந்த சொல்வள அலுவலர் மர ஸ்கேலைக் கடிதத்தின் மேல் வைத்தார்.

"'ஃபீவர்'. ஒண்ணேகால்தான் வருது, மேடம்."

"காய்ச்சலுக்கு இங்கிலீஷ்ல அதுதான் சார் பேரு."

"அது சின்னப் பசங்களுக்கு வர்ற காய்ச்சல். உங்க பொண்ணு பன்னெண்டாவது. தகுதிக்கேத்த வியாதியா எழுதுங்க."

"ஃபீவர்னா என்ன அர்த்தம்னாவது தெரியுமா சார்?"

"அர்த்தம் எங்க பிரிவு இல்ல மேடம். அது மாடியில. அங்க இன்னும் ஆள் போடல."

அங்கேயே வேறொரு தாள் வாங்கி அதே சொல்லை எழுதினேன். ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் பருமன். ஸ்கேலை வைத்தவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏழரை! மேடம், நீங்க எந்த யுனிவர்சிட்டி?"

"கையெழுத்தைப் போடுங்க."

விடுப்பு ஏறியது. விஷயமும் பரவியது; பரப்பியது நான்தான். பள்ளிக்கூடமே பெரிதாக எழுத ஆரம்பித்தது. சராசரிச் சொல்வளம் பதினோரு சென்டிமீட்டரைத் தொட்டதாக அலுவலருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பரீட்சையில் என் மகள் ஆங்கிலத்தில் முதலிடம். அவள் விடைத்தாளைப் பள்ளிச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். முப்பத்தெட்டுப் பக்கமும் சேர்ந்து ஒரே சொல்.

"என்னடி எழுதியிருக்கே?"

"கிட்ட நின்னா தெரியாதும்மா. எதிர்ச்சாரிக்குப் போய்ப் பாரு."

போனேன். அங்கே ஏற்கெனவே பெற்றோர் கூட்டம், வாய் பிளந்தபடி. எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன். அப்படியொரு சொல் எந்த அகராதியிலும் கிடையாது. கான்வென்ட்காரி எனக்குத் தெரியாதா?

பக்கத்தில் நின்ற இன்னொரு பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்தாள். "என்னக்கா அர்த்தம் அதுக்கு?"

"அதெல்லாம் உயர்சொல்மா," என்றேன். "உனக்குப் புரியாது."