இரண்டு டை மேட்சும் ஒரு கிடாயும்

கிரிக்கெட் ஆடத் தெரிந்தவர்கள் கிரிக்கெட்டைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவர்களுக்கு முழங்கால் வலி, வேலை, குடும்பம் என்று ஆயிரம் இருக்கிறது. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு, கடைசிவரை தண்ணீர் பாட்டில் தூக்கிய என்னைப் போன்றவர்கள்தான் ஆயுள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்போம்.

பேசுவதற்கென்றே நான் இரண்டு மேட்சுகளை வைத்திருந்தேன். ஒன்று, 1999 உலகக் கோப்பை அரையிறுதி. தென்னாப்பிரிக்காவுக்கு ஒரே ஒரு ரன் வேண்டும். ஒருவர் ஓடினார், மற்றவர் ஓடவில்லை, ரன் அவுட், மேட்ச் டை. முந்தைய சுற்றுப் பட்டியலில் மேலே இருந்த காரணத்தால் ஆஸ்திரேலியா இறுதிப் போட்டிக்குப் போனது. இன்னொன்று, 2019 இறுதிப் போட்டி. இங்கிலாந்தும் நியூசிலாந்தும் டை. சூப்பர் ஓவர் வைத்தார்கள், அதுவும் டை. கடைசியில் யார் அதிக பவுண்டரி அடித்தார்கள் என்று எண்ணிப் பார்த்து இங்கிலாந்துக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள்.

இந்த இரண்டில் எது பெரிய மேட்ச்? (யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்வேன்.) தேனியில் நான் வேலை பார்க்கும் சொட்டுநீர்க் குழாய்க் கடையில் இதைக் கேட்டுவிட்டுக் குழாய் வாங்காமலே போன விவசாயிகள் உண்டு. நிச்சயமான புதிதில் பரிமளாவிடம் போனில் இதை விலாவாரியாகச் சொன்னேன். அவள் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தாள். ரசனையுள்ள பெண் என்று பூரித்துப்போனேன். அப்போது அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

2019 ஆவணியில் கல்யாணம். அடுத்து வந்த தை, எங்களுக்குத் தலைப்பொங்கல். மாமனார் ஊர் கம்பத்துக்குப் பக்கத்தில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே. பொங்கலுக்கு அங்கே டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடக்கும். முதல் பரிசு ஒரு கிடாய். மாலை போட்டு, மைதான ஓரத்துத் தென்னை மரத்தில் கட்டியிருப்பார்கள். அந்த வருடம் இறுதிப் போட்டிக்கு வந்தவை இரண்டு ஊர்கள். ஒன்று மாமனார் ஊர், கேப்டன் என் மச்சினன் பிரபு. இன்னொன்று, இத்தனை ஊர் இருக்க, கெங்குவார்பட்டி. அதாவது என் ஊர். கேப்டன் என் சித்தப்பா மகன் சுரேஷ்.

காலையில் இட்லி வைக்கும்போதே பரிமளா சொல்லிவிட்டாள். "இங்கேருங்க, எங்க தம்பி நாலு வருசமா ஃபைனல்ல தோத்துக்கிட்டு வாரான். அவனுக்கு எதுக்க ஏதாச்சும் பேசுனீக, நீங்க மட்டும் பஸ் ஏறிக்கிருங்க. நான் இங்கனயே இருந்துக்கிருவேன்."

மைதானத்துக்குப் போனால் சுரேஷ் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான். "அண்ணே, பொண்ணு குடுத்த ஊருன்னு நம்ம ஊர வித்துராத. பெரியப்பா மானம் உன் கையிலதான் இருக்கு." (பெரியப்பா என்று அவன் சொன்னது என் அப்பாவை.)

நான் பேசாமல் உட்கார்ந்து மேட்ச் பார்த்துவிட்டு வந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் கமிட்டித் தலைவர், டீக்கடை வைத்திருப்பவர், என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "மாப்பிள்ளைக்குக் கிரிக்கெட் நல்லாத் தெரியுமாம்ல? பரிமளா சொல்லுச்சு. நீங்களே மைக்குல பேசுங்க." அவள் அதை எந்தத் தொனியில் சொன்னாளோ தெரியாது. நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மைக்கைப் பிடித்தேன். நான்கு திசைக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அடுப்படியில் வடை சுடும் மாமியார் வரைக்கும் என் குரல் போகும் என்ற விவரம் தெரிந்தும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முதலில் மச்சினன் அணி ஆடி முடித்தது. இடைவேளையில் ஆட்களெல்லாம் சுண்டல் வாங்கப் போய்விட்டார்கள். மைக் சும்மா இருந்தது. எனக்குக் கை அரித்தது. ஆரம்பித்துவிட்டேன். 1999, 2019, இரண்டையும் நிறுத்தி நிதானமாக ஒப்பிட்டேன். "லீக்கில் மேலே இருந்தவன் போனதுதான் நியாயம்" என்று ஆஸ்திரேலியாவுக்காக உருகினேன். அப்புறம் இங்கிலாந்துப் பக்கமும் நியாயமாக நடந்துகொள்ள வேண்டுமே என்று, "ஆனாலும் விதி என்று ஒன்று எழுதிவிட்டால் விதிதான், பவுண்டரி கூட அடித்தவன்தான் வென்றவன்" என்றும் சொல்லிவைத்தேன். அரசியல் மேடையில்கூட இவ்வளவு சீக்கிரம் இரண்டு பக்கமும் பேசியவர் கிடையாது.

பிறகு கெங்குவார்பட்டி ஆடியது. கடைசிப் பந்து. ஸ்கோர் சமம், ஒரு ரன் எடுத்தால் கிடாய் எங்கள் ஊருக்கு. சுரேஷ் தட்டிவிட்டு ஓடினான். எதிர்முனையில் இருந்தவன் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் ஒரே பக்கம் நிற்க, மறுபக்கம் ஸ்டம்ப் பறந்தது. என் சொந்தத் தம்பி முறை அவுட்டாகிப் புழுதியில் கிடக்கிறான். நான் மைக்கில் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆஹா! அப்படியே தொண்ணூத்தொம்போது!"

சந்தோஷம் தாங்காமல் கத்தியது அது. என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மேட்சை நேரில் பார்த்த மாதிரி இருந்தது. கெங்குவார்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த அத்தனை பேரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

சூப்பர் ஓவர் வைத்திருக்கலாம். ஆனால் எங்கள் பள்ளத்தாக்கில் மேற்கு மலை சூரியனைச் சீக்கிரமே மறைத்துவிடும். பந்து கண்ணுக்குத் தெரியவில்லை. மைதானத்தில் விளக்கும் கிடையாது. கிடாயோ ஒன்றுதான்.

பிரபுதான் முதலில் வந்தான். "மச்சான், நீங்கதான மைக்குல சொன்னீக? லீக்குல மேல இருந்தவன்தான் போகணும், அதான் நியாயம்னு. நாங்கதான மேல இருந்தோம்? ஆட்ட அவுக்கச் சொல்லுங்க."

சுரேஷ் புழுதியைத் தட்டிக்கொண்டே வந்தான். "அண்ணே, விதின்னா விதிதான்னு சொன்னது யாரு? பவுண்டரிய எண்ணச் சொல்லு. எங்களுதுதான் கூட."

எண்ணினார்கள். எங்கள் ஊருடையதுதான் கூட.

கமிட்டித் தலைவர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு ஊருக்கும் வேண்டப்பட்டவுக. ரெண்டு மேட்சும் தெரிஞ்சவுக. மாப்பிள்ளையே தீர்ப்பச் சொல்லட்டும்."

காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தால் முடிந்திருக்கும். அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "வரலாற்றை எடுத்துப் பார்த்தோமானால்" என்று ஆரம்பித்தேன். "இரண்டில் பெரிய மேட்ச் தொண்ணூற்றொன்பதுதான்." இது ஆறு மாதமாக என் கொள்கை. வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. மாமனார் ஊர் விசிலடித்தது. எங்கள் ஊர்ப் பக்கமிருந்து ஒரு செருப்பு வந்தது. (எனக்கு எறிந்ததில்லை என்று இன்றுவரை சுரேஷ் சொல்கிறான். பிறகு யாருக்கு?)

பதறிப்போய், "ஆனால் பின்னால் வந்த விதி பத்தொன்பதுதான்" என்றேன். எங்கள் ஊர் கைதட்டியது. மச்சினன் முகம் சுண்டிப்போனது. அவன் முகத்தைப் பார்த்ததும் பரிமளாவும் பஸ்ஸும் நினைவுக்கு வந்து, "அந்த விதியையும் அப்புறம் மாற்றிவிட்டார்கள்" என்றேன். இப்போது இரண்டு ஊரும் சேர்ந்து கத்தின. எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. கல்யாணமாகி அரை வருடம்கூட ஆகவில்லை. பெண் கொடுத்த வீட்டிலும் பிறந்த வீட்டிலும் இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிட உட்காருவேன்?

அந்தக் கூச்சலில், "ஏலே, கிடாயக் காணோம்டா!" என்று ஒருவன் அலறினான். தென்னையில் கயிற்றின் ஒரு துண்டுதான் தொங்கியது.

நாங்கள் தேடக் கிளம்புவதற்குள் கிடாயே வந்தது. கூடவே என் மாமனாரும். மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போயிருந்தவர். ஒரு கையில் கிடாயின் காது, கிடாயின் வாயில் திராட்சை இலை. அந்த வருடம் புதிதாக நட்டு, குச்சி ஊன்றி, இப்போதுதான் பந்தலைப் பார்த்து ஏறத் தொடங்கியிருந்த இளங்கொடி ஒரு வரிசை முழுக்கக் காலி. மாமனார் அதிகம் பேசமாட்டார். எங்கள் பக்கத்தில், பயிரில் மேய்ந்த ஆட்டை அங்கேயே கட்டிப்போடுவார்கள். உடையவன் வந்து நஷ்டத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் அவிழ்த்துக்கொண்டு போக வேண்டும். அவர் நேராக மைக் பக்கம் வந்து நின்று ஒரே கேள்வி கேட்டார்.

"யாரு ஜெயிச்சது?"

இரண்டு கேப்டன்களும் கிடாயின் வாயைப் பார்த்தார்கள்.

"ஜெயிச்சவன் எவனோ, அவன் ஆடுதான இது? மேஞ்ச கொடிக்குப் புதுக் கன்னு வச்சு, குச்சி ஊனி, வேலி அடைச்சுக் குடுத்துட்டு அவுத்துக்கிட்டுப் போகட்டும்."

பிரபு, அப்பாவின் தோட்டத்தில் வேலை செய்வதற்குப் பயந்தே கம்பத்தில் செல்போன் கடைக்குப் போகிறவன். அவன் தொண்டையைக் கனைத்தான். "அப்பா, மச்சான் சொன்ன மாதிரி, விதின்னா விதிதான். பவுண்டரி அவுகதான் கூட அடிச்சாக. அவுகதான் ஜெயிச்சாக."

சுரேஷ் ஓடிவந்தான். "அதெப்படி? லீக்குல மேல இருந்தவுக நீங்கதான? அண்ணே மைக்குலயே சொல்லிச்சு, அதான் நியாயம்னு. நியாயத்துக்குக் கட்டுப்படணும்ல?"

அரை மணி நேரத்துக்கு முன்னால் அடித்துக்கொண்டவர்கள், இப்போது வெற்றியை ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிட்டார்கள். எங்கள் ஊர் வேன் டிரைவர் அவசரமாக வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார்.

மாமனார் இரண்டு பேரையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கயிற்றை என் கையில் கொடுத்தார். "ரெண்டு பேரும் நீங்க சொன்னதத்தான் சொல்றாக, மாப்ள. அப்ப நீங்கதான் ஜெயிச்சிருக்கீக."

இதையும் குழாய் ஸ்பீக்கர் ஊர் முழுக்கச் சொல்லியது. வீட்டில் மாமியாரும் பரிமளாவும் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்களாம்.

பஸ் ஏறச் சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். பரிமளா ஒரு பழைய கைலியை எடுத்து நீட்டினாள். "நாளைக்குத் தோட்டத்துக்குக் கட்டிக்கிட்டுப் போங்க" என்றாள். அந்த நிமிடம் அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

தலைப்பொங்கலுக்கு எடுத்த லீவு முழுக்கக் குழி தோண்டி, கன்று நட்டு, குச்சி ஊன்றினேன். மாமனார் கூடவே நின்று, கன்று சாய்ந்தால் மட்டும் "ம்ஹூம்" என்பார். கடைசி நாள் கிடாயை அறுத்து எல்லோருக்கும் சோறு போட்டார். இரண்டு ஊர் ஆட்களும் கூச்சமே இல்லாமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து தின்றார்கள். குழம்பு யாருக்குச் சேர வேண்டும் என்று ஒருவரும் விதி கேட்கவில்லை.

மாமனார் ஊர் மன்றத்துச் சுவரில் வருடாவருடம் ஜெயித்த ஊரின் பெயரைப் பெயின்டில் எழுதுவார்கள். அந்த வருடத்துக்கு நேரே என்ன எழுதுவது என்று கமிட்டி கூடிப் பேசி, "மாப்பிள்ளை" என்று எழுதிவிட்டது. இன்னமும் அழிக்கவில்லை. போன பொங்கலுக்கு, இப்போதுதான் எழுத்துக்கூட்டப் பழகியிருக்கும் என் மகள் அதை வாசித்துவிட்டு, "அப்பா, அது நீயா?" என்று கேட்டாள்.

நான் விளக்க வாயைத் திறந்தேன். பரிமளா முந்திக்கொண்டாள். "ஆமாடி. உங்கப்பா ஒத்த ஆளா ரெண்டு ஊரத் தோக்கடிச்சாக."

பிள்ளை அப்படியே நம்பிவிட்டது. பள்ளிக்கூடத்தில் போய் வகுப்பு முழுக்கச் சொல்லியும் வைத்திருக்கிறது. போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, விளையாட்டு ஆசிரியர் எங்களைத் தேடிவந்து மரியாதையாகக் கை கொடுத்தார். "சார், பாப்பா சொன்னா. நீங்க பேட்ஸ்மேனா, பவுலரா?"

"ஆல்ரவுண்டர் சார்" என்றாள் பரிமளா. "குழிகூட நல்லாத் தோண்டுவாக."