முதல் பக்கத்து உபயதாரர்

இன்று நான் உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகும் ஜீவனுக்கு உபயதாரர் என்று பெயர். கோயில் இருக்கும் ஊரிலெல்லாம் இது வளரும். எங்கள் காஞ்சிபுரத்தில் தெருவுக்குத் தெரு கோயில் என்பதால் கொஞ்சம் செழிப்பாகவே வளரும். கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் ஒரு சிமெண்டு பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது, நாலடி தள்ளி ஒருவர் நின்று உங்கள் முதுகையே முறைத்துக்கொண்டிருந்தால் அவர்தான். பெஞ்சில் அவர் பேர் எழுதியிருக்கும். நீங்கள் மறைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இந்த இனத்தில் நல்ல கொழுத்த மாதிரி எங்கள் மயில்வாகனம். பட்டுக்கடைக்காரர். தங்கமான மனிதர், அதில் சந்தேகமே இல்லை. சித்திரை வெயிலில் மோர்ப்பந்தல் போடுவார். தம்ளரின் உள்பக்கம், அடியில், தன் பேரை வெட்டி வைத்திருப்பார். குடித்து முடித்தால்தான் தெரியும். பாதியில் தம்ளரை வைத்தவரிடம், "முழுசா குடிங்க சாமி, வெயிலு கொளுத்துது!" என்று கெஞ்சுவார். என்ன கருணை என்று ஊரே குடிக்கும்.

ஆனால் பாருங்கள், இந்த ஊரில் பிந்திப் பிறந்த உபயதாரருக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. ஆயிரம் வருஷமாகக் கல்லில் பேர் வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். காலிச் சுவர் ஏது? அப்போதுதான் யாரோ சொன்னார்கள், பல்கலைக்கழக நூலகத்துக்குப் புத்தகம் கொடுத்தால், கொடுத்தவர் பேரை அச்சடித்த சீட்டு ஒன்றை ஒவ்வொரு புத்தகத்திலும் முன்னட்டையின் உள்பக்கம் ஒட்டி வைப்பார்கள் என்று. ஒவ்வொரு புத்தகத்திலுமா? மயில்வாகனத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கே புத்தகக் கடைக்குப் போனார்.

"எல்லாம் ஒரே ஒசரமா குடுப்பா. ரேக்குல வச்சா செட்டா இருக்கணும்."

"எந்த சப்ஜெக்ட் சார்?"

"அதான் ஒசரம் சொன்னேனே!"

ஒரே உயரத்தில் கிடைத்ததில் முக்கால்வாசி மீன் வளர்ப்பு. அந்தப் பல்கலைக்கழகத்தில் மீனுக்குப் பாடமும் இல்லை, தொட்டியும் இல்லை. அதனாலென்ன? சீட்டைப் பார்க்க வேண்டுமே நீங்கள்! கடையில் சேலைக்கு டிசைன் போடுகிறவரே வரைந்தது. நாலு பக்கமும் ஜரிகை பார்டர், நடுவில் கோபுரம், இந்தப் பக்கம் ஒரு மயில், அந்தப் பக்கம் ஒரு மயில், பார்டருக்குப் பார்டர் முட்டிக்கொண்டு 'உபயம்: மயில்வாகனம்'. அவருடைய அம்மா தில்லையம்மாள் நினைவாகத்தான் எல்லாம். அந்த வரி மயிலின் காலடியில், அது கொத்த வந்த தானியம் மாதிரி கிடந்தது.

வருஷம் இரண்டு ஓடியது. ஒருநாள் நூலகர் ரேவதி கூப்பிட்டு அனுப்பினார்.

"ஐயா, யாருமே தொறக்காத புத்தகத்த மூணு வருஷம் பாப்போம். அப்புறம் குடோனுக்கு அனுப்பிடுவோம். வர்ற வருஷம் உங்க ரேக்க தூக்கிடுவாங்க."

"தூக்கிடுவாங்களா? எங்கம்மா பேரும்மா அதுல இருக்குது!"

"இருக்குதுங்க ஐயா. லென்ஸ் வச்சு பாத்தேன்."

மயில்வாகனம் வேர்த்துப் போனார். குடோன் என்றால் எலி. எலிக்குப் பேர் படிக்கத் தெரியுமா?

"படிச்சாத்தான் கணக்கா? தொறந்தா போதாதா?"

"எடுத்து டேபிள் மேல வச்சிருந்தாலே கணக்குல எழுதிப்போம். வெளியாளும் வந்து உக்காந்து பாக்கலாம், வூட்டுக்கு எடுத்துக்கினு போகத்தான் கூடாது."

போதாதா? எங்கள் ஊர்ப் பட்டுக்கடைக்கு ஆள் எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். சாமி கும்பிட்டு வெளியே வரும் வெளியூர்க்காரரை ஆட்டோக்காரர் அன்பாக ஏற்றிக்கொண்டு, தனக்குக் கமிஷன் தரும் கடை வாசலில் இறக்கிவிடுவார். மயில்வாகனம் செய்தது ஒன்றுதான். வாசலை மாற்றினார். அவருக்கு வாடிக்கையான ஆட்டோக்காரர் பழனி மறுநாளே கோயில் வாசலில், "சாமி பாத்தாச்சாம்மா? ஏறுங்க, பார்டர் பாக்க ஒரு எடம் இருக்குது, அசந்துடுவீங்க!" என்று ஆரம்பித்துவிட்டார்.

நூலகத்தில் வரவேற்கக் கடையின் சேல்ஸ்மேன் சிவராஜ். கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வந்த கோயம்புத்தூர் அம்மாக்கள் ஏழெட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மிரள மிரள விழித்தார்கள்.

"பட்டு எங்கப்பா?"

"வரும்மா. மொதல்ல இந்த பார்டர பாருங்க."

சேலை உதறிய கை ஐயா அது, சும்மா இருக்குமா? மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி முன்னட்டையைப் படார் என்று விரித்துப் போட்டார். அடுத்தது, படார். அதற்கடுத்தது, படார்.

"எல்லாம் ஒரே டிசைனா இருக்குதுங்களே? வேற கலர் இல்லீங்களா?"

"கலரு அட்டையில வரும்மா. உள்ள எல்லாம் ஒரே மயிலுதான்."

இரண்டாம் பக்கத்தை ஒரு ஆத்மாகூடப் புரட்டவில்லை. ஆனால் மேசை நிறைந்தது, கணக்கு ஏறியது, பரீட்சை கைடுகளை மீன் வளர்ப்பு முந்தியது. அதிகம் பயன்படும் ரேக் என்று பல்கலைக்கழகத்தில் மேடை போட்டு மயில்வாகனத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை அவர் கடையிலிருந்தே போனது. குடோன் பயம் போயிற்று. மனிதர் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுவாரமே ரேவதி போன் செய்தார். "ஐயா, சிவராஜண்ணன் ஒதறுன ஒதறுல முன்னட்டையெல்லாம் கையோட வந்துடுச்சு. மொத்தத்தையும் பைண்டிங்குக்கு அனுப்பியிருந்தோம், இன்னைக்கு வந்துடுச்சு."

என் புத்தகம் கிழியக் கிழியப் பார்த்திருக்கிறார்களே என்று மயில்வாகனம் பூரித்துக்கொண்டு ஓடினார். பளபளவென்று புது காலிகோ அட்டை, ஒரே உயரம், கண்ணைப் பறித்தது. ஒன்றைத் திறந்தார். உள்ளே வெள்ளைத்தாள். இன்னொன்று. வெள்ளை. கடைசிவரை திறந்தார். புத்தகம் வந்த நாளிலிருந்து அத்தனையையும் ஒருத்தர் பொறுமையாகத் திறந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

பைண்டர் கோதண்டபாணி பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"இன்னாப்பா இது? எம்பேரு எங்க?"

"பேரா? அட்ட போனா உள்தாளும் போயிடும் மொதலாளி. புதுசு ஒட்டித்தான் தைக்கணும். தொழிலு அப்படி. பழசெல்லாம் எடைக்குப் போட்டுட்டேன்."

"எங்கம்மா பேருய்யா அது!"

"நான் மயிலுன்னு இல்ல நெனச்சேன்?"

அப்போதுதான் மயில்வாகனத்தின் கண்ணில் பட்டது. பின்னட்டையின் உள்பக்கம், ஊதா மையில் ஒரு முத்திரை: கோதண்டபாணி, பைண்டிங் ஒர்க்ஸ், செல் நம்பரோடு. எல்லாப் புத்தகத்திலும். அடிக்கப் போகிறார் என்றுதான் ரேவதி நினைத்தாராம். மயில்வாகனமோ அந்த முத்திரையை விரலால் தேய்த்துப் பார்த்தார். மை விரலில் ஒட்டவில்லை.

"இது இன்னா மையிப்பா? எங்க வாங்கின?"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். இந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்தானே நீங்கள்? வாங்கி வந்ததும் ஒரு வரி படிப்பதற்குள் பேனாவைத் தேடி, முதல் பக்கம் வலது மூலையில் என்ன எழுதினீர்கள்? தேதியும் போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்திருப்பீர்களே? தப்பு என்று நான் சொல்லவில்லை. எதற்கும் அட்டையை மட்டும் மெதுவாகத் திறங்கள்.