மன்னிக்கவும், இன்று அறை இல்லை

பிழையைப் பிழை என்று சொல்ல எனக்கு வெட்கம். இந்த ஒரு குணத்தால் நான் பட்ட பாடுகள் பல. நான் ஜப்பானிய மொழி படித்ததும் அதனால்தான்.

உண்மையில் நான் சேரப் போனது தையல் வகுப்புக்கு.

இலங்கையில் யுத்தம் முடிந்த ஆண்டின் தொடக்கம் அது. டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் முதியோர் இல்லமொன்றில் எனக்கு வேலை. அங்கே உடன் வேலை செய்பவர்கள், "உங்கள் நாட்டில் இப்போது எப்படி?" என்று இரக்கத்தோடு கேட்பார்கள். வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சியும் கணினியும் அதே செய்தியைச் சொல்லும். என் தம்பி யூட், மனைவியோடும் கைக்குழந்தையோடும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். நான் சோற்றுப் பானையை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோய் நிற்பேன். ஒருநாள் என் கணவர் அன்ரன் பொறுமையிழந்தார்.

"கிழமையிலை ரெண்டு மணித்தியாலம் எங்கையாவது போய் இருந்திட்டு வாரும். இல்லாட்டி உமக்கு விசர் பிடிக்கும்."

மாலைநேர வகுப்புகளின் படிவத்தில் தையல் வகுப்பின் இலக்கத்தை எழுதினேன். அதில் ஒரு ஏழு இருந்தது. டேனிஷ்காரர் ஏழின் நடுவில் குறுக்கே ஒரு கோடு போடுவார்கள். நான் போடவில்லை. அதை அவர்கள் ஒன்று என்று வாசித்துவிட்டார்கள். (பதினாறு வருஷமாக இந்த நாட்டில் இருந்தவளுக்கு ஒரு ஏழு எழுதத் தெரியவில்லை.)

முதல் நாள் மூன்று மீற்றர் பூப்போட்ட துணி, கத்தரிக்கோல், அளவு நாடா சகிதம் வகுப்புக்குள் நுழைந்தேன். ஒரு தையல் இயந்திரத்தையும் காணவில்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஜப்பானியப் பெண் ஒருவர் குனிந்து வணங்கினார். ஆசிரியை மிச்சிகோ. டேனிஷ்காரர் ஒருவரை மணந்து இருபது வருடமாக இங்கேயே இருப்பவர். என் கையிலிருந்த துணியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்கள் நாட்டில் பரிசுகளைத் துணியில் சுற்றிக் கொடுப்பார்கள் என்று உனக்குத் தெரியுமா?" என்று டேனிஷில் கேட்டார்.

"தெரியும்," என்றேன். (தெரியாது.)

என் துணியில் ஒரு புத்தகத்தையும் ஒரு போத்தலையும் அழகாகச் சுற்றிக் காட்டினார். மாணவர்கள் ஏழு பேரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு, நான் தையலுக்கு வந்தவள் என்று எந்த வாயால் சொல்வது?

இரண்டு கிழமையில் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விடவில்லை. "இது பென்சில். அது பூனை. நாளை மழை பெய்யும்." எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி அவ்வளவுதான். அந்த மொழியில் எனக்குக் கெட்ட செய்தி சொல்லவும் தெரியாது, யாராவது சொன்னால் விளங்கவும் விளங்காது. கிழமையில் அந்த இரண்டு மணித்தியாலம் மட்டும் நான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

மாசி மாதத்துக்குப் பிறகு யூட்டிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. வைகாசியில் யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். யார் இருக்கிறார், யார் இல்லை என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கிழமையே வந்த சனிக்கிழமைதான் ஊர் நூலகத்தில் பல்லின மக்கள் விழா. எங்கள் வகுப்பு ஒரு குட்டி நாடகம் போட இருந்தது.

"நீ வரவேண்டியதில்லை," என்றார் மிச்சிகோ. எனக்கும் போக மனமில்லை. ஆனால் அன்ரன் சொன்னார்: "வீட்டிலை இருந்து போனைப் பாக்கிறதும் அங்கை இருந்து பாக்கிறதும் ஒண்டுதான். வெளிக்கிடும். போனை மட்டும் நிப்பாட்டிப் போடாதையும்."

நாடகத்தில் நான் ஹோட்டல் வரவேற்பாளர். திரைக்குப் பின்னால் நிற்கும் யோர்ன் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் சைக்கிள் மணியை அடிப்பார். அதுதான் தொலைபேசி. நான் எடுத்து, அறை இல்லை என்று சொல்லவேண்டும். அவர் கெஞ்சவேண்டும். கையில் வைத்திருக்க எனக்கு ஒரு தொலைபேசி தேவைப்பட்டது. என்னுடையதுதான் எப்படியும் கையிலேயே இருந்ததே!

சபையில் நூறு பேர் இருக்கும். மூன்றாம் வரிசையில் அன்ரனும் பதினொரு வயது மகள் நிரோஜாவும். நான் மேடையில் புன்னகையோடு நின்றேன். மணி அடித்தது.

சைக்கிள் மணி அல்ல. என் கையிலிருந்த தொலைபேசியே அடித்தது.

நான்கு கிழமை ஒத்திகை பார்த்த வாய். அது என்னைக் கேட்கவில்லை. ஒலிவாங்கியில் கணீரென்று சொன்னேன்:

"மோஷி மோஷி, ஹோத்தெரு தெசு. சுமிமசென், க்யோ ஹேயா வா அரிமசென்."

அதாவது, வணக்கம், இது ஹோட்டல். மன்னிக்கவும், இன்று அறை இல்லை.

மறுமுனையில் ஒரு இரைச்சல். பிறகு, மிகவும் பணிவாக, களைத்துப்போன ஒரு குரல்:

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா, நம்பர் மாறிப்போச்சு."

வைத்துவிட்டான்.

அந்தக் குரலை நான் அது பிறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவள். "யூட்! டேய்! வையாதையடா! நான் அக்காவடா!" என்று செத்துப்போன தொலைபேசிக்குள் கத்தினேன். முழங்காலில் விழுந்தேன். அழுதேன்.

சபை கைதட்டியது. நாடகம் என்றால் இதுவல்லவா நாடகம்! முன்வரிசையில் ஒரு முதியவர் எழுந்துநின்றே தட்டினார்.

"நை, மோர், பின்லித்!" என்ற மகளின் குரல் கேட்டது. (ஐயோ அம்மா, மானம் போகுது.) ஆனால் அன்ரன் மேடைக்கு ஓடி வந்துவிட்டார். "ஆர்? யூட்டோ?" என்றார். நான் தலையாட்டினேன். இலக்கம் தொலைபேசியின் திரையில் விழவில்லை, திருப்பி எடுக்க வழியில்லை. நான் அவனுக்கு அறை இல்லை என்று சொல்லிவிட்டேன்! அவனுக்கு இனி ஒரு தொலைபேசி கிடைக்குமா?

அன்ரன் ஒலிவாங்கியில் நடந்ததை டேனிஷில் சொன்னார். கைதட்டல் நின்றது. மிச்சிகோ மேடையேறி, என் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, சபையைப் பார்த்து ஒரே ஒரு வசனம் சொன்னார்: "நாங்கள் காத்திருப்போம்."

நூறு பேரும் காத்திருந்தார்கள். அடுத்ததாக மேடையேற நின்ற துருக்கிக்காரர் தங்கள் மேளங்களின் தோலில் உள்ளங்கையை வைத்து, அது தவறியும் அதிராமல் பார்த்துக்கொண்டார்கள். கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த பெண் கையில் கேத்தலோடு அப்படியே நின்றாள்.

அந்த மயான அமைதியில், "கிணிங், கிணிங்!"

"யூட்!" என்று பாய்ந்து தொலைபேசியைக் காதில் வைத்தேன். ஒன்றுமில்லை. திரைக்குப் பின்னால் யோர்ன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். வெளியே நடந்த எதுவும் தெரியாமல், முறை பிந்திவிட்டதே என்று மனிதர் சைக்கிள் மணியை அடித்துவிட்டார். யாரோ போய் அவர் கையிலிருந்து மணியைப் பறித்தார்கள்.

பத்து நிமிடம் இருக்கலாம். எனக்கு அது பத்து வருடம். தொலைபேசி மறுபடி அடித்தது.

"அக்கா! தமிழ்! நான் அக்கா கதைக்கிறன்!" என்று, எந்த மொழி என்பதையும் சேர்த்தே அறிவித்தேன்.

"அக்கா? நீங்களோ? முதல் எடுத்தது ஆர், ஒரு சீனாக்காரி?"

"அது நான்தானடா!"

"அக்கா, உங்களுக்குச் சுகமில்லையோ?" என்றான். அகதி முகாமில் முள்ளுக்கம்பிக்குள் நின்றுகொண்டு என்னைக் கேட்கிறான்!

"எல்லாரும் இருக்கிறியளோ? பிள்ளை?"

"ஓம் அக்கா. மூண்டு பேரும் இருக்கிறம். என்ரை காலிலை காயம், ஆறுது. பிள்ளை தவளுது. போன்காரர் பாத்துக்கொண்டு நிக்கிறார், வைக்கிறன்."

வைத்தான். மேடையில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு டேனிஷ் மறந்துபோயிற்று. தமிழும் வரவில்லை. மிச்சிகோவைப் பார்த்து ஜப்பானிய மொழியில், "ஒத்தோத்தோ வா இமசு," என்றேன். தம்பி இருக்கிறான். அந்த மொழியில் உயிருள்ளதற்கு ஒரு 'இருக்கிறது', உயிரில்லாததற்கு வேறொன்று. அதை மட்டும் சரியாகச் சொல்லியிருந்தேன்.

மிச்சிகோ என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுதபடியே என் காதுக்குள், "'கா'... ஒத்தோத்தோ கா இமசு," என்று உருபைத் திருத்தினார். ஆசிரியை ஆசிரியைதான்.

எங்களுக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்களுக்கு அப்படி ஒரு அழைப்பு வரவேயில்லை. அதனால் இந்தக் கதையை நான் ஆள் பார்த்துத்தான் சொல்வேன். யூட்டுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. முதல் அழைப்பு பிழைத்ததும், கடைசி இரண்டு இலக்கத்தை மாற்றி அடித்துப் பார்த்தானாம். எடுத்தது ஒரு டேனிஷ் கிழவர். இவன் "அக்கா, அக்கா" என்று கத்த, அவர் ஏதோ நீளமாக விளக்கம் சொன்னாராம். "சீனாக்காரி பரவாயில்லை எண்டு திரும்ப அங்கையே அடிச்சனான்," என்பான்.

சில வருடங்களுக்குப் பிறகு, யூட் குடும்பத்தோடு குடியிருந்த மன்னாருக்குப் போனோம். யூட்டின் பிள்ளைகள் ஓடிவந்து, "யப்பான் மாமி வந்திட்டா!" என்று தெருவுக்கே கேட்கக் கூவினார்கள். என் சொந்தப் பெயர் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்து வீட்டு அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, யப்பானிலை என்ரை மகனுக்கும் ஒரு வேலை பாரன்."

"அம்மா, நான் யப்பானிலை இல்லை. நான் டென்மார்க்கிலை இருக்கிறன்."

அவர் சற்று யோசித்தார். "அது யப்பானிலை எந்தப் பக்கம், பிள்ளை?"