போறணைக்குப் போன ஃபலாஃபல்

வெள்ளிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். எண்ணெய்ச் சட்டி வைக்காமல் ஃபலாஃபல் செய்யிறது.

கிளினிக்கில இரத்தம் பாத்திட்டு, பொரிச்ச சாமான் தொடக்கூடாது எண்டு சொல்லிப்போட்டினம். சொன்னது டொக்டர். அதைச் சட்டமாக்கினது என்ர மனுசி சுகந்தி. பின்னேரத் தேத்தண்ணிக்கு இருந்த வடை, ரோல்ஸ் எல்லாம் அண்டையோட நிண்டிட்டுது. பதிலுக்கு வல்லாரைக் கஞ்சி. ஒரு மாசமாக் குடிச்சு, இப்ப கண்ணை மூடினாலும் பச்சையாத்தான் தெரியுது.

அப்பதான் போன்ல ஒரு வீடியோ பாத்தன். அரபு நாட்டுக் கடலை வடை. பொரிக்காமல் ஓவனில வைச்சு எடுக்கினம்.

"எண்ணெய் இல்லாமச் செய்து காட்டினா, பின்னேரம் கடிக்க ஏதும் கிடைக்குமோ?" எண்டு கேட்டன்.

"செய்து காட்டுங்கோ, பாப்பம். வெள்ளிக்கிழமை செய்தா நானும் சாப்பிடலாம். சரிவராட்டி அடுத்த கிளினிக் வரைக்கும் கஞ்சிதான்."

வெள்ளிக்கிழமை எங்கட வீட்டில மீன், முட்டை ஒண்டும் இல்லை. அதில சுகந்தி கிளினிக்கை விடக் கண்டிப்பு.

வியாழன் பின்னேரமே கொண்டைக்கடலையை ஊறப்போட்டன். அவிக்கக் கூடாது, பச்சையாத்தான் அரைக்கவேணும் எண்டு வீடியோவில தெளிவாச் சொன்னவை. நான் அதைச் சுகந்திக்குச் சொல்லேல்லை. ஊறின கடலையைக் கண்டால் எங்கட ஊரில கை தானா அடுப்பை மூட்டும். காலமை குசினிக்குள்ள போனா, கடலை அவிஞ்சு உப்பும் போட்டுக் கிடக்குது.

"உங்களுக்கு உதவியா இருக்கட்டும் எண்டுதான் அவிச்சனான்," எண்டா.

வெங்காயம், உள்ளி, மல்லியிலை எல்லாம் சேத்து அரைச்சன். களியாப் போச்சுது. ஒருமாதிரிப் பன்னிரண்டு உருண்டை பிடிச்சு முடிச்சபிறகுதான், எங்களிட்ட ஓவன் இல்லை எண்ட விசயம் ஞாபகம் வந்தது.

மூளை இல்லாட்டியும் எனக்கு வழி தெரியும். பெருநாள், நத்தார் எண்டால் எங்கட பக்கத்துச் சனம் கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு பேக்கரியில பாண் சுடுற பெரிய போறணைக்குத்தான் போறது. நானும் துறைமுகப் பக்கத்துப் பேக்கரிக்குத் தட்டைக் கொண்டு போனன்.

"இது என்ன தம்பி?" எண்டு போறணையடியில நிண்ட முஸ்லிம் அண்ணர் கேட்டார். ஊரில எல்லாருக்கும் அவர் நானா.

"ஃபலாஃபல், நானா. ஒருக்கா போறணையில வைச்சுத் தாங்கோ."

"வைச்சிட்டுப் போங்க. அசர் தொழுகைக்குப் பிறகு வாங்க."

பின்னேரம் போனன். பார்சலை வாங்கின உடனே எண்ணெய் பேப்பரைத் தாண்டி என்ர கைக்கு வந்திட்டுது.

"நானா, இதென்ன?"

"கட்லட்டை யாராவது போறணையில வைப்பாங்களா தம்பி? பொரிக்க மறந்து கொண்டு வந்திட்டீங்க எண்டு விளங்கிச்சு. தொட்டா உடையுது வேற. அதான் முட்டையில தோச்சு, றஸ்க் தூளில பிரட்டி, மீன் ரோல்ஸ் பொரிச்ச எண்ணெயிலயே போட்டு எடுத்தன். நல்லாப் பொரிஞ்சிருக்கு, பாருங்க."

இவ்வளவு அன்பா ஒருத்தரும் என்னைக் கவிழ்த்ததில்லை. நன்றி சொல்லிட்டு வெளிக்கிட்டன். எங்கட ரவுணுக்குள்ள திரியிற மான்களில ஒண்டு மணத்துக்குப் பின்னால கொஞ்சத் தூரம் வந்தது.

கேற்றடியில நிண்டு பன்னிரண்டையும் ரிசு பேப்பரால துடைச்சுத் தட்டில அடுக்கினன். சுகந்திக்கு ஒண்டும் சொல்லிறேல்லை எண்டுதான் முடிவு.

"நல்ல நிறமா வந்திருக்கே," எண்டு அவ ஒண்டை எடுத்து வாய்க்குக் கிட்டக் கொண்டு போனா.

கிளினிக்கை ஏமாத்தலாம். வெள்ளிக்கிழமையை ஏமாத்த எனக்குப் பயம். சுவரில முருகனும் பாத்துக்கொண்டு நிக்கிறார்.

"பொறும், கடியாதையும். உதில முட்டை இருக்கு. மீன் பொரிச்ச எண்ணெயும் இருக்கு."

நடந்த கதை முழுக்கச் சொன்னன். அவ கையில இருந்ததைத் திருப்பித் தட்டில போட்டா. தட்டை மூடி பிறிட்ஜுக்குள்ள வைச்சா. அண்டைக்கு ரெண்டு பேருக்கும் கஞ்சி.

சனிக்கிழமை பல்லு விளக்க முன்னமே போய் பிறிட்ஜைத் திறந்தன். தட்டைக் காணேல்லை. அது குசினி மேசையில கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

"எங்க அது?"

"விடிய எழும்பி நான் சாப்பிட்டிட்டன். நல்ல ருசி."

"பன்னிரண்டையுமோ?"

"பொரிச்சதை உங்களுக்குத் தர ஏலாதுதானே," எண்டு கஞ்சிக் கோப்பையை நீட்டினா.

ஃபலாஃபல் எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது.