அக்டோபர் பதினெட்டு ஆகாத நாள்

என் மனைவி விசாலாட்சிக்குத் தெரியாமல் ஒரே ஒரு நாளாவது புகழோடு வாழ்ந்து பார்த்துவிடுவது என்று போன செப்டம்பரில் முடிவெடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

என் பெயர் நவநீதன். வீடு பாகூரில். தவளக்குப்பம் சந்திப்பில் ஜெராக்ஸ் கடை. கடை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறேன். தினமும் காலையில் அதில் ‘வரலாற்றில் இன்று’ என்று தலைப்புப் போட்டு நாலு வரி எழுதுவேன். எந்த ராஜா எந்தத் தேதியில் பட்டத்துக்கு வந்தான், எந்தத் தேதியில் நூலறுந்த பட்டமாகப் போனான், எல்லாம் அதில் இருக்கும். கடலூர் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ஆர்வமாகப் படிப்பார்கள். பஸ் வராததால் படிக்கிறார்கள் என்பாள் விசாலாட்சி. ஊரில் எனக்குப் பெயர் ‘தேதி சார்’.

அந்தச் செப்டம்பரில் பாகூர் வாசகர் வட்டச் செயலாளர் சுப்புராயன் கடைக்கு வந்தார். ஏதோ ரசீதை ஜெராக்ஸ் எடுக்க வந்திருக்கிறார் என்று கையை நீட்டினேன். கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

“தேதி சார், அக்டோபர் பதினெட்டு கீழூர் நாளு. சாயங்காலம் நாலு மணிக்கு நூலகத்துல கூட்டம் போடறோம். நீங்கதான் சிறப்புப் பேச்சாளர். பொன்னாடை உண்டு.”

1954-ல் அந்தத் தேதியில்தான் வில்லியனூர் பக்கத்துக் கீழூரில் நூற்று எழுபத்தெட்டுப் பிரதிநிதிகள் கூடினார்கள். எங்கள் பகுதி பிரெஞ்சுக்காரனோடு இருப்பதா, இந்தியாவோடு சேர்வதா என்று ஓட்டுப் போட்டார்கள். நூற்று எழுபது பேர் இந்தியா என்றார்கள். எட்டுப் பேர் மாட்டேன் என்றார்கள். இதைப் பற்றி என்னால் இரண்டு மணி நேரம் பேச முடியும். அதுதான் சிக்கல். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசப் போனபோது விசாலாட்சி முதல் வரிசையில் உட்கார்ந்து, இருபதாவது நிமிஷத்திலிருந்து கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினாள். பிள்ளைகள் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். இந்தத் தடவை அவளுக்குச் சொல்வதில்லை என்று தீர்மானித்தேன். ரகசியமாக ஒரு புதுச் சட்டை தைத்து, கடையில் பேப்பர் கட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

மறுநாள் இட்லியோடு சேதி வந்தது.

“இன்னாங்க, அருள்முருகன் போன் பண்ணான். நம்ம பிரவீணாவுக்கு நிச்சயதார்த்தமாம். மாப்பிள்ள வூடு வில்லியனூரு. நீங்கதான் முன்ன நின்னு தட்டு மாத்தணுமாம்.”

அருள்முருகன் அவள் தம்பி. கரையாம்புத்தூரில் இருக்கிறான். பிரவீணா அவனுடைய ஒரே மகள்.

“தாராளமா மாத்தறேன். எப்ப?”

“அக்டோபர் பதினெட்டு. ஞாயித்துக்கெழம. சாயங்காலம் நாலு மணிக்கு.”

வாய்க்குள் போன இட்லி பாதி வழியில் நின்றது. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் என்ன செய்தேன்? கடைக்குப் போனேன். புத்தகங்களைப் புரட்டினேன். அக்டோபர் பதினெட்டில் உலகத்தில் நடந்த கெட்டதையெல்லாம் பொறுக்கினேன். சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

“விசாலம், அந்தத் தேதி வேணாம்.”

“ஏன்?”

“வரலாறு சரியில்ல.”

“யாரு வரலாறு?”

“ஒலக வரலாறு. பல்பு எடிசன் தெரியுமில்ல? அவரு செத்தது அன்னிக்குத்தான்.”

“அவரு செத்தப்புறமும் பல்பு எரிஞ்சிக்கிட்டுதான இருக்கு?”

“ரஷ்யாக்காரன் அலாஸ்கான்னு அம்மாம்பெரிய சீமையத் தூக்கி அமெரிக்காக்காரன்கிட்ட ஒப்படைச்சது அன்னிக்குத்தான். இன்னிக்கு வரைக்கும் அழுவுறான்.”

“அவன் மண்ணக் குடுத்தான். நாம பொண்ணக் குடுக்கறோம். வேற?”

அவள் ‘வேற?’ என்று கேட்டால் விட மாட்டாள். பட்டியலில் வேறு சரக்கு இல்லை. அவசரத்தில் ஒரு கப்பலைக் கட்டிக் கடலில் இறக்கினேன்.

“ஒரு கப்பல் முழுவிப்போச்சி. முந்நூறு பேரு. அத்தினி பேரும் கல்யாண கோஷ்டி.”

அப்படி ஒரு கப்பல் வரலாற்றிலேயே கிடையாது. அதை மூழ்கடித்த பாவம் முழுக்க என்னுடையது.

விசாலாட்சி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “கல்யாண கோஷ்டியா?” என்றாள். பிறகு எதுவும் பேசவில்லை. இருபத்தாறு வருஷ வாழ்க்கையில் என் பேச்சுக்கு அவள் பதில் சொல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. நான் அதை வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

வெற்றி பெற்றவன் சும்மா இருப்பானா? ‘அக்டோபர் 18: ஆகாத நாள்’ என்று தலைப்புப் போட்டு, கப்பல் உட்பட எல்லாவற்றையும் கலரில் அச்சடித்து, அதைப் போட்டோ எடுத்து மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வைத்தேன்.

அடுத்த நாலு நாள் விசாலாட்சி யார் யாருடனோ போனில் தாழ்ந்த குரலில் பேசினாள். நூலகத்தில் அவளைப் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார். வாரப் பத்திரிகை படிக்கப் போயிருப்பாள் என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை வில்லியனூர் கோயிலுக்குப் போகிறேன் என்று பஸ் ஏறினாள். திரும்பி வந்து செம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னாள்.

“மாத்தியாச்சி.”

எந்தத் தேதிக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடுமே. கடையில் ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நின்று தினமும் ஒரு மணி நேரம் பேசிப் பழகினேன்.

அக்டோபர் பதினெட்டு. காலை ஆறரை மணி. விசாலாட்சி பட்டுப் புடவையில் வந்து நின்றாள். கையில் என் புதுச் சட்டை. பேப்பர் கட்டுக்குப் பின்னால் இருந்த அதே சட்டை.

“கெளம்புங்க.”

“எங்க?”

“கரையாம்புத்தூருக்கு. நிச்சயதார்த்தத்துக்கு.”

“மாத்தியாச்சின்னியே!”

“ஆமா, மாத்தினோம். சாயங்காலம் நாலு மணிய காலைல ஒம்போது மணியா மாத்தினோம்.”

“தேதி?”

“தேதிக்கு இன்னா கொறச்சல்? அப்பிடியேதான் இருக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நீங்க நூலகத்துக்குப் போயிக்கலாம். சட்டையப் போடுங்க.”

இவ்வளவுதானா என்று நின்றேன். மணியை மாற்றினால் போதும் என்கிற காரியத்துக்கு நான் எடிசனைக் கொன்று, அலாஸ்காவைக் கொடுத்து, முந்நூறு பேரைக் கடலில் தள்ளியிருக்கிறேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அசல் அடி கரையாம்புத்தூரில் காத்திருந்தது. பிரவீணா அலங்காரத்தோடு வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். முகத்தில் இன்னும் பயம் இருந்தது.

“மாமா, அந்தக் கப்பல் பேரு இன்னா?”

“எந்தக் கப்பல்?”

“கல்யாண கோஷ்டி போன கப்பல். மூணு நாளு நெட்ல தேடினேன். எங்கயும் இல்ல. ஆனா மாமா சொன்னா தப்பா இருக்காதுன்னு எனக்குத் தெரியும். சின்ன வயசுலேர்ந்து உங்க போர்டப் படிச்சிதான பரீட்ச எழுதினேன்? அதான், இந்த சம்மந்தமே வேணாம்னு அத்தகிட்ட அழுதுட்டேன்.”

மீதியை அருள்முருகன் சொன்னான். பட்டியலை அவன் விவரம் தெரியாமல் மாப்பிள்ளை வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறான். மாப்பிள்ளையின் அம்மா படித்துவிட்டு, பெண் வீட்டு மாமாவே இப்படி எழுதுகிறார் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது, இதை விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டாளாம். ஒன்றரை வருஷம் அலைந்து அமைந்த இடம்.

“அக்காதான் மாமா இவளத் தேத்திட்டு, வில்லியனூருக்குத் தனியாப் போச்சி. அந்தம்மாவ ஒக்கார வச்சி தாத்தா கதையச் சொல்லி சமாதானம் பண்ணிச்சி.”

“எந்தத் தாத்தா?”

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். “எங்க தாத்தா மாமா. தெய்வநாயகம். கீழூருக்கு மாட்டு வண்டி ஓட்டிக்கிட்டுப் போனாரே? அதனாலதான எங்க வூட்ல எந்த நல்லது செஞ்சாலும் இந்தத் தேதியில செய்றோம்?”

தட்டு மாற்றும்போது நான் தலையைக் குனிந்தே நின்றதை எல்லோரும் பணிவு என்று நினைத்துக்கொண்டார்கள்.

நாலு மணிக்கு நூலகம். வாசலில் தட்டி. ‘சிறப்புரை: திருமதி விசாலாட்சி.’ அதற்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில், ‘நன்றியுரை: நவநீதன்.’

சுப்புராயன் ஓடி வந்தார். “கோச்சிக்காதீங்க சார். மேடம் ஒருநாள் வந்து, அக்டோபர் பதினெட்டு நல்ல நாளுன்னு அச்சுல இருக்கற பொஸ்தகம் எதுனா குடுங்கன்னாங்க. சம்மந்தி வூட்ல காட்டணுமாம். பேச்சு வாக்குல அவங்க தாத்தா கதையும் வந்திச்சி. அசந்துட்டேன். கீழூரப் பத்திப் பேச நூறு பேரு இருக்காங்க. கீழூருக்குப் போயிட்டு வந்த வண்டிக்காரர் வூட்ல இருந்து பேச ஒருத்தர்தான் இருக்காங்க. நீங்க ஏன் சார் எங்ககிட்ட சொல்லவே இல்ல?”

தெரிந்தால்தானே சொல்வேன்!

விசாலாட்சி கையில் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லாமல் பேசினாள். பத்தே நிமிஷம். அவள் தாத்தாவுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். சொந்த வண்டி. அன்றைக்கு மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு, ஊர்ப் பிரதிநிதி ஒருத்தரை ஏற்றிக்கொண்டு இருட்டோடு கிளம்பியிருக்கிறார். வழி நெடுக அந்த மனுஷர் பயத்தில் மூன்று தடவை வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாராம். தாத்தாவை உள்ளே விடவில்லை. மரத்தடியில் மாட்டைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தவர்கள் நூற்று எழுபதுக்கு எட்டு என்று குதித்தார்கள்.

“எங்க தாத்தா கேட்டாராம், அந்த எட்டு பேரு எப்பிடி வூட்டுக்குப் போவாங்க, வண்டி இருக்குதான்னு.”

ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

“என்னையப் பொண்ணு பாக்க வந்ததும் இதே தேதியிலதான். எங்கப்பா வேணும்னே குறிச்சார். நல்லது நடக்கும்னு. இதோ ஒக்காந்திருக்காரே, அவருதான் வந்தாரு.”

எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். ஆகாத நாள் என்று கலரில் அச்சடித்த கையை நான் வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன். என் பட்டியலில் நான் அவளை முதன்முதலாகப் பார்த்த நாள் விட்டுப்போயிருந்தது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

பொன்னாடை அவளுக்கு. பிறகு நன்றியுரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். உரை வரவில்லை. நாக்கு உறைந்துவிட்டது. “எல்லாருக்கும் நன்றி. என் மனைவிக்கு...” என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வார்த்தையைத் தேடினேன். அதுதான் சாக்கு என்று சுப்புராயன் மைக்கை வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வயல் பக்கம் வந்ததும் வண்டியை மெதுவாக்கினேன்.

“விசாலம், மன்னிச்சிடு. அந்தப் புள்ளைய அழ வச்சிட்டேன். கப்பல் பொய். கூட்டம் இருக்குதுன்னு உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

“தெரியும்.”

“தாத்தா கதைய ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?”

“ரெண்டு வாட்டி சொல்ல வந்தேன். ரெண்டு வாட்டியும் நீங்க நெப்போலியனப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தீங்க.”

ஊரான் தேதியெல்லாம் எழுதி என்ன கண்டோம், இனி இவளுடைய தேதிகளைத் தெரிந்துகொண்டு கொண்டாட வேண்டும், இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

“ஆதார்ல உன் பொறந்த நாளு ஜூன் ஒண்ணுன்னு இருக்கு. அது பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப வாத்தியார் குத்துமதிப்பா போட்டதுதான? நெசமான பொறந்த நாளு எப்ப, சொல்லு. பெருசா கொண்டாடிடலாம்.”

விசாலாட்சி பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

“நேத்து.”