கீழ் அம்பில் ஒட்டிய கிராம்பு

அம்பு சேட்டனைப் பற்றித் தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்காமல் அடுத்த தெரு ஆளின் கதைக்கு அலைகிறீர்கள். சரி, கேட்டுத் தொலையுங்கள். மட்டாஞ்சேரியில் கடலுக்குப் பயப்படுகிறவர் உண்டு, பெண்டாட்டிக்குப் பயப்படுகிறவர் நிறைய உண்டு. கம்ப்யூட்டர் கீபோர்டின் கீழ் அம்பைக் கண்டு நடுங்கியவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான்.

மிளகுக் கிடங்குகளுக்கு நடுவே அவருக்குச் சின்னதாக ஒரு கடை. நாங்கள் கொண்டுபோகும் விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் பதிந்து தருவார். என்னைவிட இருபது வயது சின்னவர். ஆனாலும் ஊருக்கே சேட்டன், அதாவது அண்ணன்; எனக்கும் சேட்டன்.

மவுஸைத் தொடமாட்டார். "அது வழுக்கும் அக்கா. எங்க போய் நிக்கும்னு தெய்வத்துக்கே தெரியாது." எல்லாம் அம்புச் சாவிகளால்தான். அவருடையது பழைய பெரிய கீபோர்ட். இடது, கீழ், வலது அம்புகள் ஒரு வரிசை. மேல் அம்பு தனியாக அதற்கு மேலே. மேல் அம்பில் ஓர் ஏலக்காயைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். கீழ் அம்பில் கிராம்பு.

"கிராம்பு எதுக்கு சேட்டா?"

"கீழ விரல் போனா குத்தணும். குத்தினா பேடி வரணும்."

பேடி என்றால் பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதை வருடந்தோறும் பதிய வேண்டும். திரையில் இரண்டு வரி வரும். மேலே 'உயிருடன் உள்ளார்', கீழே 'காலமானார்'. ஒருமுறை சேட்டனின் விரல் தவறி, மூட்டை தூக்கிய வேலு காலமாகிவிட்டார். எட்டு மாதம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி, "நான் சாகல சாரே" என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார் பாவம்.

எனக்கும் தெரு பெருக்கிய பென்ஷன்தான் சோறு. பதிவதற்கான கடைசி நாளன்றுதான் போனேன். சேட்டன் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், என் முழங்கை பட்டு சாயா கிளாஸ் கீபோர்டில் கவிழ்ந்தது. "ஐயோ, பூனை!" என்று கத்தினேன். அந்தப் பூனை இன்றுவரை அகப்படவில்லை.

பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து லேப்டாப் வந்தது. பார்த்ததும் சேட்டனின் முகம் வெளுத்தது. இடது வலது அம்புகள் முழுசாக இருந்தன. மேலும் கீழும் மட்டும் ஒரு சாவி இடத்தில் பாதிப் பாதியாக நெருங்கிக் கிடந்தன. அவர் விரலோ நேந்திரம்பழம்.

"யாரு பண்ணின பணி இது? உயிருக்கும் சாவுக்கும் நடுவுல ஒரு நூல் இடம்கூட விடலையே!"

"இன்னிக்குப் பதியலேன்னா நான் செத்தவதான் சேட்டா."

"தப்பா பதிஞ்சாலும் செத்தவதான் அக்கா!"

கை நடுங்க அமுக்கினார். விரல் இரண்டின் மேலும் விழுந்தது. திரையில் வரியைக் காட்டும் நீலக் கோடு மேலே, கீழே, மேலே, கீழே. ஒரு நிமிடத்தில் நாலு முறை செத்துப் பிழைத்தேன். வேலு கும்பிட்டுக்கொண்டு கண்முன் நின்றார்.

சேட்டன் சட்டென்று எழுந்தார். நனைந்த கீபோர்டிலிருந்து கிராம்பைப் பிய்த்தார். பேனாபோல் பிடித்து, மூச்சை அடக்கி, அதன் காம்பால் மேல் அம்பில் ஒரே குத்து.

"கோடு எங்க இருக்கு, சொல்லுங்க அக்கா."

"மேல."

"நெஜமா மேலயா?"

"மேலதான்யா!"

மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டுத்தான் எண்டரைத் தட்டினார். பிறகு தரையில் உட்கார்ந்து உடுத்திய முண்டின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டார்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரிகள் பிடித்துக்கொண்டார்கள். "அந்தக் கிறுக்கன்கிட்டயே எதுக்குப் போறீங்க? வேற கடையில்லையா?"

"கிறுக்கன்தான்டி," என்றேன். "ஆனா நான் செத்துருவேனோன்னு அப்படி நடுங்கின ஆம்பளைய இன்னிக்குத்தான் பாத்தேன். என்னைக் கட்டினவர்கூட நடுங்கினதில்ல."