மேடையேறிய பச்சைச் செருப்பு

வரவேற்புரையின் நான்காவது வாக்கியத்தில்தான் மினெகிஷி தற்செயலாகக் குனிந்து தன் காலைப் பார்த்தார். காலில் பச்சைச் செருப்பு இருந்தது.

கோயில் மண்டபத்துக்குள் வரும் எல்லாருக்கும் வாசலில் சொந்தக் காலணியைக் கழற்றவைத்து, உள்ளே போட்டு நடக்கக் கருநீலச் செருப்புதான் கொடுத்திருந்தார்கள். எதிரே நாற்காலிகளில் இருந்த நூற்றெண்பது பேர் காலிலும் கருநீலம். பச்சை இருந்த இடம் ஒன்றே ஒன்று, கழிப்பறை. பேச்சுக்கு ஐந்து நிமிடம் முன்னால் அங்கே ஓடினார். நீலத்தை வெளியே கழற்றிவிட்டு உள்ளே கிடந்த பச்சையை மாட்டிக்கொண்டார். வரும்போது மாற்ற மறந்து, அதோடு நேராக மேடையேறிவிட்டார். அவருக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் புத்தர் கண்ணைப் பாதி மூடி அமர்ந்திருந்தார்.

கழிப்பறைச் செருப்பு கழிப்பறை வாசலைத் தாண்டக் கூடாது என்பது ஜப்பானின் ஹமமட்சு நகரில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். மினெகிஷிக்கோ ஐம்பத்துநான்கு வயது. நகராட்சியின் கழிவுநீர்ப் பிரிவில் மேற்பார்வையாளர். முப்பது வருடமாக ஊர் அசிங்கத்தையெல்லாம் ஒரு சொட்டு சிந்தாமல் ஊருக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர். ஜாஸ் விழாவுக்குத் தொண்டராக வந்த இடத்தில் அதைச் சன்னதிக்கே கொண்டுவந்துவிட்டார்.

இந்த மண்டபத்தை வாங்க அவர் மூன்று வருடம் அலைந்திருக்கிறார். விழாவின் மற்ற மேடைகளெல்லாம் ரயில் நிலைய வாசலிலும் கடைத்தெருவிலும். இந்த மரக்கூரைக்குக் கீழே ஒருமுறை கைதட்டிப் பார்த்ததிலிருந்து இங்கே ஒரு டிரம்பெட் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஒரே பித்து. தலைமைப் பிக்கு ஷுன்ரெய் முதல் வருடம் முடியாது என்றார். இரண்டாம் வருடம் தேநீர் மட்டும் கொடுத்து அனுப்பினார்.

மூன்றாம் வருடம், "உங்க ஒருத்தர் பேச்சை நம்பித் தர்றேன். புத்தர் முன்னால மரியாதைக் குறைவா ஏதாவது நடந்தா இதோட சரி" என்றார்.

அந்த வாக்கு காதில் ஒலிக்க, மினெகிஷி பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டு, அவமானத்தை மறைக்க வழக்கத்தைவிட ஆழமாக வணங்கினார். அவ்வளவு ஆழமாக வணங்கினால் எல்லார் கண்ணும் காலுக்குத்தான் வரும் என்பது வணங்கிய பிறகே உறைத்தது. காது மடல் கொதித்தது. ஓரத் திரைக்குப் பின்னால் பாய்ந்து பச்சையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தன் நீலத்தை எடுக்க வெறுங்காலுறையோடு கழிப்பறைக்கு ஓடினார்.

நீலத்தைக் காணோம். யாரோ போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். வாசலிலும் ஒரு ஜோடி மிச்சமில்லை. காலுறையில் வலது பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. விரலை மடக்கியபடி நொண்டிக்கொண்டே திரும்பிவந்தால், இங்கே பச்சையையும் காணோம்.

தப்பு அவர் மேல்தான். செருப்பை அப்படியே கழற்றி எறிந்திருந்தால் யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். ஆனால் பிறந்ததிலிருந்து ஊறிய பழக்கம், அந்த அவசரத்திலும் குனிந்து இரண்டையும் சேர்த்து, அடுத்தவர் மாட்டிக்கொள்ள வாகாக நுனியை மேடைப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். மேடையேற வந்த டிரம்பெட்காரர் வோய்தெக் அதைப் பார்த்திருக்கிறார். ஆறரை அடி உயரப் போலந்துக்காரர். கோயில் கொடுத்த நீலத்தில் குதிகால் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருக்க, மேடையை நோக்கி அழகாக வைத்திருந்த புதுச் செருப்பு தனக்குத்தான் என்று முடிவுகட்டிவிட்டார். பச்சையில் மேடையேறினார்.

அதோடு நின்றதா? ஒலிவாங்கியைப் பிடித்து, நெகிழ்ந்துபோய் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். உலகம் பூரா வாசித்திருக்கிறாராம். கலைஞனுக்குச் செருப்பைக்கூடத் திருப்பி வைத்து மரியாதை செய்யும் ஊரை இங்கேதான் பார்க்கிறாராம். சொல்லிவிட்டு, சபைக்குத் தெரியட்டும் என்று வலது காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் காட்டினார்.

சபையில் பாதிப் பேர் அதே கழிப்பறைக்குப் போய்வந்தவர்கள். நூற்றெண்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மிக மெதுவாக, மிக மரியாதையாகக் கைதட்டினார்கள்.

மொழிபெயர்க்க வேண்டியவர் கோபேயிலிருந்து வந்திருந்த பியானோக்காரி அசஹினா. அவர் அந்தக் காலைப் பார்த்தார். திரை ஓரத்தில் ஒரு விரலை மடக்கிக்கொண்டு வெளிறி நின்ற மினெகிஷியையும் பார்த்தார்.

"உங்க ஊர் காத்து ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்றார்" என்று சபைக்குச் சொல்லிவிட்டுப் பியானோவில் உட்கார்ந்தார்.

முதல் பாட்டு முடிந்ததும் அசஹினா தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஓரத்துக்கு வந்தார். மினெகிஷி நடந்ததையெல்லாம் கொட்டி, எப்படியாவது வோய்தெக் காலிலிருந்து அதைக் கழற்ற வேண்டும் என்று கெஞ்சினார்.

"இப்பப் போய்ச் சொன்னா அந்த மனுஷன் அடுத்த பாட்டை எப்படி ஊதுவார்?" என்றார் அசஹினா. "ஒருத்தர் மட்டும் போட்டிருந்தாத்தான் சார் அவமானம். மேடையில இருக்கற மூணு பேரும் போட்டுட்டா அது யூனிஃபார்ம். இன்னும் ரெண்டு ஜோடி கொண்டுவாங்க."

"நானா? என் கையாலயா?"

"பின்ன யாரு, புத்தரா?"

மினெகிஷி போய்த் தன் இரண்டு கையாலும் கழிப்பறையிலிருந்து இன்னும் இரண்டு ஜோடியை எடுத்து, கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, சன்னதி ஓரமாகக் கொண்டுவந்தார். வருகிற வழியில் புத்தர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கக் கூசியது. இதற்குப் பதில் சாக்கடைக்குள் இறங்கச் சொல்லியிருந்தால் சந்தோஷமாக இறங்கியிருப்பார், அது அவருக்குப் பழகிய வேலை. பிரேசிலிலிருந்து வந்த டிரம்ஸ்காரர் ஜுராந்திர் கேள்வியே கேட்காமல் பச்சையை மாட்டிக்கொண்டு, டிரம் மிதியில் நன்றாகப் பிடிக்கிறது என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

இப்போது மேடையில் மூன்று ஜோடி. சபைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள் கைகூப்பியே விட்டார். இவ்வளவு ஆழ்ந்து கேட்கும் கூட்டத்தை வோய்தெக் கண்டதில்லை. உருகி உருகி ஊதினார். மரக்கூரையில் பட்டு அந்த நாதம் இறங்கிவந்தபோது மினெகிஷி மூன்று வருடம் ஆசைப்பட்டது அப்படியே இருந்தது. ஆனால் கேட்கத்தான் அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. காதில் விழுந்ததெல்லாம் தரையில் தாளம் போட்ட ஆறு செருப்புகளின் சத்தம்தான்.

இடைவேளை முடிந்ததும் தலைமைப் பிக்கு வந்து ஊதுபத்தி ஏற்றி நாலு வார்த்தை பேசுவதாக ஏற்பாடு. அதற்குள் பச்சையெல்லாம் மறைய வேண்டும். மினெகிஷி கோயில் முழுக்க நீலம் தேடினார். பின்தாழ்வாரத்துக் கடைசி அலமாரியில், மேல்தட்டில், பழைய துணி ஒன்றுக்கு அடியில் ஐந்து ஜோடி கருநீலம் கிடைத்தது. கொஞ்சம் பழசு, ஆனால் படு சுத்தம். புத்தருக்கு அங்கிருந்தே மானசீகமாக ஒரு கும்பிடு போட்டார்.

கலைஞர்கள் அறையில் அவர் மண்டியிட்டு நீலத்தை நீட்டினார். இரண்டாம் பாதிக்கு வேறு செருப்பு போடுவது இந்த ஊர் வழக்கம் என்று அசஹினா ஒரு கதை விட்டார்.

வோய்தெக் அசந்துபோனார். "பாதியில செருப்பு மாத்தறதா? பாரிஸ்லகூட இப்படி ஒரு மரியாதை கிடையாது" என்றவர், பச்சையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இதை ஞாபகத்துக்கு வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டார். கேட்டாரே தவிரப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மினெகிஷி வாயைத் திறப்பதற்குள் அது டிரம்பெட் பெட்டிக்குள் போய்விட்டது.

மிச்சமிருந்த இரண்டு ஜோடி நீலத்தில் ஒன்றைத் தானே போட்டுக்கொண்டு ஓட்டைக் காலுறையை மறைத்தார். அப்போது தாழ்வாரத்தில் ஷுன்ரெய் வந்தார். பட்டு அங்கி, வெள்ளைக் காலுறை. மண்டப வாசலில் தனக்குச் செருப்பு இல்லாததைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். மினெகிஷி பாய்ந்துபோய் முழங்காலிட்டு, கடைசி ஜோடியை இரண்டு கையாலும் ஏந்தி, நுனியைச் சன்னதிப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

ஷுன்ரெய் மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார். "மூணு வருஷமா உங்கள அலைக்கழிச்சுட்டேன்" என்றார். "இவ்வளவு கவனமா இருப்பீங்கன்னு நினைக்கல. அடுத்த வருஷமும் இங்கயே வெச்சுக்குங்க."

ஆசைப்பட்டது கையில் விழுந்தும் மினெகிஷிக்கு இனிக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார், பாராட்டைத்தான் தாங்க முடியவில்லை. கவனமானவர் என்ற பெயரை ஒரு பொய்யின் மேல் வாங்கிக்கொண்டு எப்படி வீட்டுக்குப் போவது? தலைமைப் பிக்கு நேராகப் புத்தர் முன்னால் போய் நின்று ஊதுபத்தி ஏற்றுவதைப் பார்த்ததும் அவர் முடிவு செய்துவிட்டார். பாக்கி இரண்டு பச்சை ஜோடியையும் கோட்டில் சுற்றிக்கொண்டு சமையலறைக்கு நடந்தார்.

அங்கே தலைமைப் பிக்குவின் மனைவி தோகியே அம்மாள் கலைஞர்களுக்குத் தேநீர் வடித்துக்கொண்டிருந்தார். ஜப்பானில் பிக்குகள் குடும்பத்தோடு கோயிலிலேயே வாழ்வது வழக்கம். கோயிலின் பெருக்கல், துடைத்தல், வந்தவர்களைக் கவனித்தல் எல்லாம் அவர் பொறுப்புதான். மினெகிஷி கோட்டைப் பிரித்துப் பச்சைகளைத் தரையில் வைத்தார். அவற்றுக்குப் பக்கத்திலேயே விழுந்து நெற்றி தரையில் பட வணங்கினார். எழுந்திருக்காமலே எல்லாவற்றையும் சொன்னார். தன் கால், வோய்தெக்கின் கால், அசஹினாவின் யோசனை, பெட்டிக்குள் போன ஜோடி என்று ஒன்றையும் விடவில்லை. அலமாரியை மட்டும் சொல்லவில்லை. அதில்தான் ஒரு தப்பும் இல்லையே.

"உங்க சன்னதியில பாத்ரூம் செருப்ப ஏத்திட்டேன்மா. அடுத்த வருஷம் எனக்கு மண்டபம் வேண்டாம். சுவாமிகிட்ட நானே சொல்லிடறேன். அவர் முகத்துல முழிக்கற யோக்கியதை எனக்கு இல்ல."

தோகியே அம்மாள் தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து மினெகிஷி இன்னும் கீழே குனிந்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எழுந்திரிங்க சார். இது பாத்ரூம் செருப்பே இல்ல. நேத்து வாங்கின புதுசு" என்றார். "வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க, நம்ம பழக்கம் தெரியாம பாத்ரூம் செருப்போடயே புத்தர் முன்னால வந்து நின்னுட்டா பாவம் அவங்களுக்கில்ல அவமானம்? அதான் இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பாத்ரூம்ல புதுச மாத்திப் போட்டேன்."

மினெகிஷி நிமிர்ந்தார். முப்பது வருடப் பாரம் இறங்கியது போல இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. மண்டபத்தில் ஷுன்ரெய் பேசி முடித்து, சபை கைதட்டுவது கேட்டது.

தோகியே அம்மாள் ஒரு கோப்பைத் தேநீரை அவர் கையில் கொடுத்தார்.

"நெஜமான பாத்ரூம் செருப்பு அஞ்சு ஜோடியும் பழைய கருநீலம், அத யாரும் தெரியாமக்கூட எடுத்துடக் கூடாதுன்னு பின்தாழ்வாரத்துக் கடைசி அலமாரியில துணி போட்டு மூடி வெச்சிருக்கேன்."